பல பணி கண்ட பொறியாளர் ஜான் பார்டீன்

நம் ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் டிரான்சிஸ்டர் என்று சொல்லிப் பாருங்கள். தோலுறை இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, வயல் வரப்பிலும் தேநீர்க் கடையிலும் பாட்டுக் கேட்ட வானொலிப் பெட்டியே அவர்கள் நினைவுக்கு வரும். உண்மையில் டிரான்சிஸ்டர் என்பது அப்பெட்டியின் பெயரன்று. அதனுள்ளே பொருத்தப்பட்டிருந்த சிறியதோர் உறுப்பின் பெயர். உறுப்பின் பெயர் முழுப் பெட்டிக்கும் ஆகி வந்தது. இதனைச் சினையாகுபெயர் என்று கூறினால் இலக்கண ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். அன்று ஒரு வானொலிக்குள் ஆறேழு டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நம் கைப்பேசியின் சில்லு ஒன்றில் அவை நூறுகோடிக் கணக்கில் உள்ளன.

அவ்வுறுப்பைக் கண்டறிந்தமைக்காக நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஜான் பார்டீன். இயற்பியலுக்கான நோபல் பரிசை இரண்டு முறை பெற்றவர் உலகில் இவர் ஒருவரே. ஆனால், கல்லூரியில் இவர் முதலில் பெற்றது இயற்பியல் பட்டம் அன்று, மின்பொறியியல் பட்டம். மின்பொறியியல் படித்தவர் எங்கே வேலைக்குப் போவார் என்னும் வினா இன்றைய மாணவரிடமும் பெற்றோரிடமும் உள்ளது. பார்டீன் தம் வாழ்நாளில் தொலைபேசிக் கருவி நிறுவனம், எண்ணெய் நிறுவனம், கடற்படை ஆய்வகம், தொழிற்கூட ஆய்வகம், பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் பணியாற்றினார். அப்பயணம் நேர்கோட்டில் அமைந்ததன்று.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தலைநகர் மாடிசன். அந்நகரில் 1908ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் ஜான் பார்டீன் பிறந்தார். தந்தை சார்லஸ் ரசல் பார்டீன் உடற்கூற்றியல் பேராசிரியர். விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் முதல் தலைவர். தாய் அல்தியா கலை பயின்றவர், பயிற்றுவித்தவர். மகனின் கணிதத் திறனைக் கண்ட பெற்றோர், மூன்றாம் வகுப்பில் இருந்த அவரை நேரே ஏழாம் வகுப்புக்கு மாற்றினர். தம்மினும் மூத்த மாணவர்களோடு அமர்ந்து படித்த அச்சிறுவர் அதிகம் பேசுவதில்லை. பன்னிரண்டு வயதை அடைவதற்குச் சற்று முன்பாகத் தாயைப் புற்றுநோய்க்கு இழந்தார். பேச்சு மேலும் குறைந்தது. பிற்காலத்தில் அவர் வகுப்பறையில் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்க்கே சரியாகக் கேட்கும் என்பர்.

1923இல், பதினைந்தாம் வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தந்தையைப் போலப் பேராசிரியராக வாழ அவர் அப்போது விரும்பவில்லை. கணிதம் மிகுதியாகப் பயன்படும் துறையாகவும் இருக்க வேண்டும், படித்து முடித்தால் வேலையும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி மின்பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். படிப்பின் இடையே சிகாகோவிலுள்ள வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியல் பிரிவில் சில காலம் பணியாற்றினார். அதனால் பட்டம் பெறுவது ஓராண்டு தள்ளிப்போயிற்று. 1928இல் இளநிலைப் பட்டமும் 1929இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

முதுநிலை பயின்றபோது வானலை வாங்கிகளின் கதிர்வீச்சு, நிலத்தடி வளங்களை மின்முறையால் அறிதல் ஆகிய சிக்கல்களில் ஈடுபட்டார். அதே காலத்தில் வான் விளெக் என்னும் பேராசிரியர் அங்கே குவாண்டம் கோட்பாட்டைக் கற்பித்துவந்தார். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சொல்லும் அக்கோட்பாடு அன்று மிகப் புதியது. பொறியியல் மாணவருக்கு அது கட்டாயப் பாடமன்று. பார்டீன் தாமே விரும்பிச் சென்று அவ்வகுப்பில் அமர்ந்தார்.

எண்ணெய் தேடிய மூன்றாண்டுகள்

பார்டீனுக்கு வழிகாட்டிய பேராசிரியர் லியோ பீட்டர்ஸ், பிட்ஸ்பர்க் நகரிலிருந்த கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்றார். 1930இல் பார்டீனும் அவரைத் தொடர்ந்து அங்கே பணியில் சேர்ந்தார். மின்பொறியாளருக்கு எண்ணெய் நிறுவனத்தில் என்ன வேலை என்று வியப்பு எழலாம். பூமியின் காந்தப்புலமும் ஈர்ப்பு விசையும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நிலத்தடியில் உள்ள பாறைகளின் தன்மைக்கு ஏற்ப அவை மிக நுண்ணிய அளவில் கூடியும் குறைந்தும் காணப்படும். தரையின்மேல் நின்று அவ்வேறுபாட்டை அளந்து, கணக்கிட்டு, கீழே பாறை அடுக்கு எவ்வாறு வளைந்துள்ளது, எங்கே எண்ணெய் தங்கியிருக்கக்கூடும் என்று சொல்ல வேண்டும். மேற்பரப்பில் கிடைக்கும் தடயத்தைக் கொண்டு உள்ளே மறைந்திருப்பதை உணரும் கலை அது. அத்துறை அப்போதுதான் முளைவிட்டிருந்தது. பார்டீன் அளவீடுகளிலிருந்து பொருள் காணும் முறைகளை உருவாக்கினார்.

அது நல்ல வேலை; நல்ல ஊதியம். மேலும் அது அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம். ஆலைகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலையின்றித் திரிந்தனர். அத்தகைய 1933இல், இருபத்தைந்து வயதான பார்டீன் அவ்வேலையை விட்டுவிட்டு, மீண்டும் மாணவராகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததோ கணிதத் துறை. வான் விளெக்கின் வகுப்பில் கேட்ட குவாண்டம் கோட்பாடு அவரை விடவில்லை. இதனைத் துணிவு என்பதா, அறியாமை என்பதா என அன்று உடன்பணியாற்றியோர் தமக்குள் பேசியிருக்கக்கூடும்.

மீண்டும் மாணவர்

பிரின்ஸ்டனில் யூஜின் விக்னர் அவருக்கு வழிகாட்டினார். உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரானை வெளியே கொண்டுவர எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது பார்டீனின் ஆய்வுப்பொருள். உலோகத்தின் மேற்பரப்பில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தாலன்றி அதற்கு விடை கிடையாது. 1936இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1935இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் குழுவில் இடம் கிடைத்தது. அங்கே மூன்றாண்டுகள் ஆய்வு செய்தார். அந்த 1935ஆம் ஆண்டிலேயே தந்தை மறைந்தார்.

1938இல் ஜேன் மேக்ஸ்வெல் என்பவரை மணந்து, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார். எந்தப் பணி வேண்டாம் என்று மின்பொறியியல் படிக்கச் சென்றாரோ அதே பணிக்கு வந்து சேர்ந்தார் என்பதை நினைத்தால் புன்னகை தோன்றுகிறது. ஆனால் அங்கும் நிலைத்திருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், வாஷிங்டனிலுள்ள கடற்படைப் படைக்கல ஆய்வகத்துக்கு அழைக்கப்பட்டார். இரும்புக் கப்பல் ஒன்று கடந்து செல்லும்போது அதனைச் சுற்றியுள்ள காந்தப்புலம் மாறும். அம்மாற்றத்தை உணர்ந்து கடலடிக் கண்ணிவெடி வெடிக்கும். கப்பலின் புலத்தைக் கணக்கிட்டுக் கண்ணிவெடியிலிருந்து காப்பது எப்படி என்பதே அங்கு நிலவிய பெரும்சிக்கல்களுள் ஒன்று. பாறைகளின் காந்தப்புலத்தைப் பிட்ஸ்பர்க்கில் கணக்கிட்டவருக்கு இது புதிய மொழியாக இல்லை. எண்ணெய் ஆய்வகத்தில் கழித்த மூன்றாண்டுகள் வீண் என்று எண்ணியிருந்தவர்கள், பத்தாண்டு கழித்து அதன் பயனைக் கண்டனர்.

பெல் ஆய்வகம்

போர் முடிந்ததும், 1945இன் இறுதியில், நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் தொலைபேசி ஆய்வகத்தில் சேர்ந்தார். தொலைபேசிக் குரல் நெடுந்தொலைவு செல்லும்போது மெலியும். வழியில் அதனைப் பெருக்க வேண்டும். அன்று அப்பணியைச் செய்தவை வெற்றிடக் குழல்கள். கண்ணாடிக் குமிழுக்குள் இழை ஒன்று சூடேறிச் சிவக்க, அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படும். அக்குழல்கள் மிகுந்த மின்சாரத்தை உண்டன, சூடாயின, எரிந்து போயின. குழலும் இழையும் இன்றித் திண்மப் பொருளாலேயே பெருக்கி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது ஆய்வகத்தின் நோக்கம். கடத்திக்கும் கடத்தாப் பொருளுக்கும் இடைப்பட்ட குறைகடத்திகளாகிய ஜெர்மானியத்தையும் சிலிக்கனையும் ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவர் வில்லியம் ஷாக்லி.

பார்டீன் வந்த நேரத்தில் ஆய்வகத்தில் இட நெருக்கடி. ஆகவே, வால்டர் பிராட்டைன் என்னும் சோதனை இயற்பியலாளரின் அறையில் அவருக்கும் ஒரு மேசை போடப்பட்டது. அவ்விட நெருக்கடிக்கு அறிவியல் நன்றி சொல்ல வேண்டும். பிராட்டைன் கலகலப்பாகப் பேசுபவர், கைத்திறன் மிக்கவர். பார்டீன் பேசாதவர், கோட்பாட்டில் வல்லவர். ஒருவர் சோதிக்க, மற்றவர் அருகிலேயே அமர்ந்து அதன் பொருளை ஆராய்ந்தார்.

ஷாக்லி முன்பே ஒரு திட்டம் வகுத்திருந்தார். குறைகடத்தித் தகட்டின் அருகே மின்னூட்டம் பெற்ற தகடு ஒன்றை வைத்தால், உள்ளே ஓடும் மின்னோட்டம் மாற வேண்டும். கணக்கு அவ்வாறு சொன்னது, சோதனை ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தை 1946இல் பார்டீன் கண்டார். குறைகடத்தியின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு ஒரு திரைபோல் நிற்கின்றன. வெளிப்புலம் அத்திரையைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. உலோகத்தின் மேற்பரப்பைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர் கண்ணுக்கே அது முதலில் தென்பட்டது. தோல்வியின் காரணம் தெரிந்தபின், வேலை மேற்பரப்பின்மீதே குவிந்தது.

1947ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சோதனைகள் விரைந்தன. முக்கோண வடிவ நெகிழித் துண்டின் விளிம்பில் மெல்லிய பொன்தகட்டை ஒட்டினார் பிராட்டைன். அதன் முனையைச் சவர அலகால் கீறி இரண்டாக்கினார். கீறலின் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், நாம் எழுதும் தாளின் கனத்தில் பாதி. இரு தொடுமுனைகளும் அவ்வளவு நெருக்கமாக இருந்தாலன்றிப் பெருக்கம் நிகழாது என்பது பார்டீனின் கணக்கு. அம்முனைகளை ஒரு கம்பிச்சுருளால் ஜெர்மானியத்தின்மீது அழுத்தினர். டிசம்பர் 16ஆம் நாள், ஒரு முனையில் செலுத்திய சிறு மின்குறிப்பு மறுமுனையில் பெருகி வெளிவந்தது. டிசம்பர் 23இல் ஆய்வகத் தலைவர்கள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, பெருகி வந்த குரலைக் கேட்டனர்.

முதல் வெற்றி கிட்டிய மாலை பார்டீன் வீட்டுக்கு வந்தார். ஜேன் சமையலறையில் இரவு உணவுக்கான வேலையில் இருந்தார். இன்று முக்கியமானது ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று மட்டும் மெல்லச் சொன்னார். பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஜேன் அது நல்ல செய்தி என்ற அளவில் கேட்டுக்கொண்டார். அவ்வளவே. 1948 ஜூன் 30இல் நியூயார்க்கில் டிரான்சிஸ்டர் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோதும் ஆரவாரம் இல்லை. மறுநாள் பெரிய நாளிதழ் ஒன்று, உள்பக்கத்து வானொலிச் செய்திகளின் இடையே சில வரிகளில் அதனை வெளியிட்டது.

விலகிய காலம்

கண்டுபிடிப்பு நிகழ்ந்த பின்னரே துன்பம் தொடங்கியது. தாம் தலைமை தாங்கிய குழுவின் வெற்றியில், முக்கிய நாளில் தமக்கு நேரடிப் பங்கு இல்லாமற் போனதை ஷாக்லியால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. அவர் தனியே அமர்ந்து, மேலும் சிறந்த வேறொரு டிரான்சிஸ்டரின் கோட்பாட்டைச் சில வாரங்களில் வகுத்தார். சந்தி டிரான்சிஸ்டர் எனப்படும் அது பெரும் சாதனையே. பின்னர்ச் சந்தையை ஆண்டதும் அதுவே. ஆனால் அதன் ஆய்வில் பார்டீனுக்கும் பிராட்டைனுக்கும் அவர் இடமளிக்கவில்லை. விளம்பரத்துக்கு எடுத்த புகைப்படத்தில், பிராட்டைனின் சோதனை மேசைமுன் ஷாக்லி அமர்ந்திருக்க, மற்ற இருவரும் பின்னால் நிற்கின்றனர். பிராட்டைனுக்குப் பிடிக்காத படம் அது.

சண்டையிடுவது பார்டீனின் இயல்பன்று. தாம் கண்ட பொருளைப் பற்றியே தாம் ஆராய வழியில்லாத நிலையைத் தலைமைக்கு எழுத்துவழித் தெரிவித்தார். பயனில்லை. உலகின் மிகச் சிறந்த தொழிற்கூட ஆய்வகம், வேலைப் பாதுகாப்பு, வளர்ந்துவரும் புகழ் ஆகியவற்றை விட்டு, 1951இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இம்முறை அவர் ஏற்ற பதவி கருதத்தக்கது: மின்பொறியியல் துறை, இயற்பியல் துறை ஆகிய இரண்டுக்கும் பேராசிரியர். மின்பொறியியல் மாணவர்களுக்குக் குறைகடத்திகளைப் பற்றிக் கற்பித்தார். குறைகடத்தி ஆய்வகம் ஒன்றையும் நிறுவினார். அங்கு அவரிடம் பயின்ற முதல் மாணவர் நிக் ஹோலோன்யாக், 1962இல் கண்ணுக்குத் தெரியும் செந்நிற ஒளியை உமிழும் டையோடை உருவாக்கினார். இன்று நம் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகளின் மூதாதை அது.

தொழிற்கூடத் தொடர்பையும் பார்டீன் விட்டுவிடவில்லை. சிறியதொரு நிறுவனம் புதுவகைப் படியெடுக்கும் பொறி ஒன்றை உருவாக்க முயன்றபோது அதற்கு ஆலோசகராக விளங்கினார். பின்னாளில் அதன் இயக்குநர் குழுவிலும் இருந்தார். அந்நிறுவனமே ஜெராக்ஸ். நம் ஊர்க் கடைப் பலகைகளில் படி எடுப்பதற்கே பெயராகிவிட்ட சொல் அது.

நாற்பத்தாறு ஆண்டுப் புதிர்

1911இல் டச்சு நாட்டு அறிஞர் கமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தை ஏறத்தாழ −269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தபோது, அதன் மின்தடை முற்றிலும் மறைந்தது. இதனை மீக்கடத்துத்திறன் என்பர். ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பது எவருக்கும் விளங்கவில்லை. ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பர்க், ஃபெயின்மன் என முயன்று தோற்றவர் பட்டியல் பெரிது. பார்டீனும் மின்னசோட்டாவிலிருந்த நாள் முதலாக இதனைப் பற்றிச் சிந்தித்துவந்தார். 1950இல் அவரும் ஒரு விளக்கத்தை வெளியிட்டார், அது நிலைக்கவில்லை.

1955இல் லியான் கூப்பர் என்னும் இளம் கோட்பாட்டாளரை இல்லினாய்க்கு அழைத்தார். ராபர்ட் ஷ்ரீஃபர் பார்டீனிடம் ஆய்வு மாணவராக இருந்தார். அவரும் கல்லூரியில் முதலில் மின்பொறியியல் பயிலத் தொடங்கி இயற்பியலுக்கு மாறியவர். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. ஆயினும், ஓர் எலக்ட்ரான் செல்லும்போது அருகிலுள்ள நேர்மின் அயனிகள் சற்றே அதன்பால் ஈர்க்கப்படும். அவ்விடம் நோக்கி மற்றோர் எலக்ட்ரான் இழுக்கப்படும். இவ்வாறு மிகக் குறைந்த வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் இணை சேரக்கூடும் என்று 1956இல் கூப்பர் காட்டினார். கோடிக்கணக்கான இணைகளின் கூட்டியக்கத்தை எப்படிக் கணிதத்தில் எழுதுவது என்பதே எஞ்சிய சிக்கல்.

1956 நவம்பர் முதல் நாள் காலை. பார்டீன் வீட்டாருக்காக அடுப்பில் முட்டை கிளறிக்கொண்டிருந்தார். டிரான்சிஸ்டருக்காக ஷாக்லி, பிராட்டைன் ஆகியோரோடு தமக்கும் நோபல் பரிசு என்ற செய்தி வானொலியில் வந்தது. வாணலி கைதவறிக் கீழே விழுந்தது. பரிசு பெறச் செல்வதில் அவருக்கு மகிழ்ச்சியோடு சிறு வருத்தமும் இருந்தது. தீர்வை நெருங்கிவிட்ட ஆய்வு இடையில் நிற்குமே என்பது அவ்வருத்தம். புறப்படும் வேளையில் ஷ்ரீஃபர் மனம் தளர்ந்து, வேறு ஆய்வுப்பொருளுக்கு மாறிவிடலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு மாதம் பொறுக்குமாறு சொல்லிவிட்டுப் பார்டீன் ஸ்டாக்ஹோம் சென்றார்.

அம்மாதம் கழிந்த சில நாட்களில், 1957இன் தொடக்கத்தில், நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயிலில் செல்லும்போது ஷ்ரீஃபர் அந்தச் சமன்பாட்டை எழுதினார். மூவரும் இராப்பகலாக உழைத்துக் கணக்குகளைச் சரிபார்த்தனர். எலக்ட்ரான் இணைகள் அனைத்தும் ஒரே சீராக இயங்குவதால், தனித்தனித் தடைகள் அவற்றை நிறுத்துவதில்லை. வடம் பிடித்து ஒன்றாக அடியெடுத்து வைக்கும் கூட்டத்தில் ஒருவர் கால் இடறினால் தேர் நின்றுவிடுவதில்லை அல்லவா? ஏறத்தாழ அதுபோன்றது. முடிவை முதன்முதலாக அறிஞர் பேரவையில் அறிவிக்கும் வாய்ப்பு வந்தபோது, பெருமை இளைஞர்களுக்குச் சேரட்டும் என்று பார்டீன் போகாமல் இருந்துவிட்டார். பெல் ஆய்வகத்தில் தமக்கு நேர்ந்ததை அவர் மறந்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் பி.சி.எஸ். கோட்பாடு என அது வழங்குகிறது. இன்று மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் பொறியின் காந்தம் மீக்கடத்தியால் ஆனது.

அவரும் பிழை செய்தார். 1962இல் பிரையன் ஜோசப்சன் என்னும் இருபத்திரண்டு வயது பிரித்தானிய மாணவர், எலக்ட்ரான் இணைகள் மெல்லிய காப்புப் படலத்தையும் ஊடுருவிச் செல்லும் என்று பி.சி.எஸ். கோட்பாட்டிலிருந்தே கணித்தார். பார்டீன் அச்சில் மறுத்தார். இலண்டன் மாநாட்டில் அம்மாணவரை நேரிலும் எதிர்த்தார். விரைவில் சோதனை ஜோசப்சன் பக்கம் நின்றது. பார்டீன் தம் மறுப்பைக் கைவிட்டார்.

இரண்டாம் பரிசு

மீக்கடத்துக் கோட்பாட்டுக்கான பரிசு 1972இல்தான் வந்தது. ஒரே துறையில் ஒருவருக்கே இரு முறை பரிசளிக்கும் வழக்கம் இல்லாததால், தம்மால் கூப்பருக்கும் ஷ்ரீஃபருக்கும் பரிசு தடைப்படுமோ என்ற கவலை அவருக்கு நெடுநாள் இருந்தது. செய்தி வந்த அன்று காலை வீட்டிலிருந்து புறப்பட முயன்றபோது, டிரான்சிஸ்டரால் இயங்கும் அவருடைய வண்டிக்கொட்டிலின் கதவு திறக்கவில்லை. கண்டுபிடித்தவர் வீட்டிலேயே கருவி மறுத்த அந்நிகழ்ச்சியை நண்பர்கள் நெடுங்காலம் சொல்லிச் சிரித்தனர். 1956இல் பிள்ளைகளின் படிப்புக் கெடக்கூடாது என்று அவர்கள் எல்லாரையும் அவர் அழைத்துச் செல்லவில்லை. அதற்கு ஸ்வீடன் மன்னர் அன்போடு கடிந்துகொண்டபோது, அடுத்த முறை அனைவரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். 1972இல் ஜேம்ஸ், வில்லியம், எலிசபெத் ஆகிய மூவரும் தந்தையோடு ஸ்டாக்ஹோம் சென்றனர்.

1975இல் ஓய்வு பெற்ற பின்னும் பார்டீன் ஆய்வை நிறுத்தவில்லை. அண்டை வீட்டார் பலர் அவரைக் கோல்ஃப் ஆடும் அமைதியான மனிதராகவே அறிந்திருந்தனர். 1991 ஜனவரி 30ஆம் நாள் பாஸ்டன் நகரில் காலமானார். பிறந்த மாடிசனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பெல் ஆய்வகத்திலிருந்து அவர் கொண்டுவந்த சிறு பெட்டி ஒன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உள்ளது. தொடக்க காலத்து டிரான்சிஸ்டர்கள் இரண்டைக் கொண்டு செய்யப்பட்ட இசைப்பெட்டி அது. வெற்றிடக் குழல் வானொலி சூடேறும் வரை காத்திருந்து பழகிய மாணவர்கள் முன்னே அதனை வைத்து, அவர் பொத்தானை அழுத்துவார். அழுத்திய அக்கணமே அது பாடும்.